செவ்வாயும் சனியும் வகுப்பு உண்டு

புதுநகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவரின் மகள் மூன்று ஆண்டுகளாக என்னிடம் வயலின் கற்கிறாள். செவ்வாய் மாலையும் சனி காலையும் அவளுடைய அத்தா அவளை ஸ்கூட்டரில், கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைக்கு, என் வீட்டுக்கு அழைத்து வருவார். வகுப்பு முடியும் வரை திண்ணையில் உட்கார்ந்து மலையாளப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பார். நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், காஸாவிலயும் வயலின் சொல்லிக் கொடுக்கிற இஸ்கூல் இருக்காமே, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அதுக்கு நம்மால பணம் அனுப்ப முடியுமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். முதல் கேள்விக்கு நின்ற இடத்திலேயே விடை சொன்ன எனக்கு, இரண்டாவதற்கு விடை கண்டுபிடிக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதங்களில் படித்ததையும் பட்டதையும், இதே எண்ணம் உள்ள வேறு சிலருக்கும் உதவலாம் என்பதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. கட்டாயக் கொடையான ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று வரையறை உள்ளதால் அது நிவாரணத்துக்கே போகும். உணவுக்கும் மருந்துக்கும் அவர் முன்பே கொடுத்துக்கொண்டிருந்தார். இது அதற்குமேல், தம் கைக்காசிலிருந்து கொடுப்பது. பட்டினி கிடக்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்று அவருடைய மைத்துனரே கேட்டாராம். அது நியாயமான கேள்வி. நானும் அதை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். ஆனால் மாவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வயலினுக்குக் கொடுப்பதாக இங்கே யாரும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற நாம், பிறர் வீட்டுப் பிள்ளைகள் பாட்டுக் கற்கிறார்கள் என்றால் மட்டும் அவர்களுடைய அடுப்பங்கரை வரை போய் அரிசிப்பானையை எட்டிப் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றிற்று. அதை அந்த மைத்துனரிடம் சொல்லும் வாய்ப்பு இன்னும் அமையவில்லை.

அவர் பத்திரிகையில் படித்த பள்ளிக்கு ஒரு நீண்ட கதை உண்டு. பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் உள்ள ராமல்லா நகரில் 1993ஆம் ஆண்டு பிர்ஸெய்ட் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய இசைக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. ஜெருசலேமில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கிய எட்வர்ட் ஸயீத் 2003இல் மறைந்த பிறகு அவருடைய பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவரை அரசியல் சிந்தனையாளராகவே நம்மில் பலரும் அறிவோம். அவர் முறையாகப் பியானோ பயின்றவர், பல ஆண்டுகள் இசை விமர்சனம் எழுதியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ராமல்லா தவிர ஜெருசலேம், பெத்லகேம், நாப்லஸ், காஸா ஆகிய இடங்களிலும் அக்கல்லூரிக்குக் கிளைகள் உண்டு. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் பயில்பவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். பகலில் பள்ளிக்குப் போய்விட்டு மாலையில் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். மேலை இசையும் அரபு இசையும் இரண்டுமே கற்பிக்கப்படுகின்றன: வயலின், செல்லோ, பியானோ ஒரு பக்கம், ஊத், கானூன் என்ற தந்தி வாத்தியங்கள், நாய் என்ற புல்லாங்குழல், ரிக் என்ற கஞ்சிரா போன்ற தாளக்கருவி மறுபக்கம். உள்ளூரிலும் உலகெங்கும் சிதறியும் வாழும் பாலஸ்தீன இளைஞர்களை ஒன்றுசேர்த்து வாசிக்க வைக்கும் பாலஸ்தீன இளைஞர் இசைக்குழுவும் இக்கல்லூரியால் 2004இல் தொடங்கப்பட்டதே. அக்குழு 2016இல் பிரிட்டனின் பல நகரங்களில் கச்சேரி செய்தது. இக்கல்லூரிக்கும் அதன் மாணவர்களுக்கும் நிதி திரட்டுவதற்கென்றே பிரிட்டனில் பால்மியூசிக் என்னும் அறக்கட்டளை இயங்குகிறது. எங்கள் பணம் கடைசியில் அதற்குத்தான் போயிற்று. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பாய்க்கு வேறு ஒரு சந்தேகம். அங்கே வயலினை எப்படிப் பிடிப்பார்கள், தந்திகளை நம்மைப் போலவே சுருதி கட்டுவார்களா என்றார். மகள் உடனிருந்தாள். ஒரு வகுப்பு முழுவதும் அன்று இதிலேயே போயிற்று; கட்டணம் வாங்கும் வகுப்பில் இப்படிச் செய்யலாமா என்று எனக்கே கொஞ்சம் உறுத்தல்.

பிடிப்பது வேறு. நாம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வயலினின் சுருள்தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்து வாசிக்கிறோம். அவர்கள் நாற்காலியில் அமர்ந்தோ நின்றோ மோவாயில் இடுக்கிக்கொள்கிறார்கள். கட்டுவதில்தான் வியப்பு இருக்கிறது. மேலை இசையில் தடித்த தந்தியிலிருந்து தொடங்கி ஜி, டி, ஏ, இ என்று கட்டுவது வழக்கம். மரபான அரபு வாசிப்பில் கடைசி இரண்டு தந்திகளையும் ஒவ்வொரு ஸ்வரம் இறக்கி ஜி, டி, ஜி, டி என்று கட்டுவதுண்டு. ஜியை ஸட்ஜமாக வைத்தால் அது ஸ, ப, ஸ, ப. அதாவது, ஐந்து கட்டைச் சுருதியில், அதாவது இதே ஜியை ஆதாரமாக வைத்து, பாடும் பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க நம் ஊர் வித்துவான் எப்படிக் கட்டுவாரோ, இம்மியும் பிசகாமல் அப்படியே. அன்று அந்தப் பெண்ணின் வயலினில் பிருடைகளைத் திருகி ஐந்து கட்டைக்குக் கொண்டுவந்து, "இப்போது இதை எடுத்துக்கொண்டு நீ நாப்லஸில் போய் உட்காரலாம், யாரும் உன் தந்தியைத் தொட வேண்டியதில்லை" என்றேன். அவள் சிரித்தாள், அவளுடைய அத்தா சிரிக்கவில்லை, தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

இரண்டு ஊர்களுக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குப் பழக்கியதாகச் சொல்வோம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அரபு நாடுகளிலோ, முழங்காலில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் கமான்ஜா என்ற பழைய கருவி முன்பே இருந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயலின் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது, பெயரை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் வயலினுக்கு அங்கே கமான்ஜா என்றே பெயர். நாம் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு பிடிக்கும் முறையை மாற்றினோம். அவர்கள் பெயரை மாற்றினார்கள். கட்டும் முறையை இருவரும் மாற்றினோம், அதுவும் ஒரே மாதிரி.

ராகத்துக்கு அவர்களிடம் மகாம் என்று பெயர். இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹிஜாஸ் கார் என்ற மகாமின் ஸ்வரங்கள், நாம் ஸரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களே. ஸ்வரங்களை அசைக்கும் கமகத்தைக் கழித்துவிட்டு நேராக வாசித்துக் காட்டினால் நம் வீட்டு முதல் பாடம் அப்படியே அரபு வாசனையோடு எழுந்து வரும். பயாத்தி என்ற மகாமில் வரும் இரண்டாவது ஸ்வரம் மட்டும் நமக்குச் சிக்கல். அது நம் ரிஷபத்தின் இரண்டு நிலைகளான சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் நிற்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. வயலினில் வீணையைப் போல மெட்டுக் கிடையாது என்பதால் விரல் அங்கே போய் நிற்கலாம், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குச் சொல்லிக்கொடுக்க, எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டும் ஓர் ஆசிரியர் வேண்டும். புத்தகத்திலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வருவதல்ல அது. இந்த ஒரு ஸ்வரத்துக்காகவே, பணம் அனுப்பலாம் என்று நாங்கள் பட்டியலிட்டிருந்த அமைப்புகளின் கணக்கை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். வாத்தியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல ஆட்கள் கிடைப்பார்கள். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் தருகிறேன் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. வயலினைப் புகைப்படம் எடுக்கலாம். சம்பளத்தைப் புகைப்படம் எடுக்க முடியாது.

கமான்ஜா என்ற சொல்லிலிருந்தே பெயர் பெற்ற இன்னொரு அமைப்பும் எங்கள் பட்டியலில் இருந்தது. ராம்ஸி அபூ ரத்வான் என்பவர் ராமல்லாவை ஒட்டிய அல் அமரி அகதி முகாமில் வளர்ந்தவர். 1987இல் எழுந்த முதல் இன்திஃபாதா எழுச்சியின்போது, கையில் கல்லோடும் முகத்தில் அழுகையும் ஆத்திரமுமாகவும் நிற்கும் எட்டு வயதுச் சிறுவனாக அவரைப் பிடித்த புகைப்படம் உலகெங்கும் சுவரொட்டியாயிற்று. பதினேழு வயதில்தான் அவர் கையில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா கிடைத்தது; நம் கணக்கில் அது மிகவும் பிந்திய வயது. பிறகு பிரான்ஸின் ஆஞ்ஷே நகர இசைப்பள்ளியில் படித்து, 2002இல் அல் கமான்ஜாத்தி என்ற அமைப்பைத் தொடங்கினார். வயலின் வாசிப்பவன் என்பது அதன் பொருள். 2005இல் ராமல்லாவின் பழைய நகர்ப்பகுதியில் அதற்கென்று ஓர் இசை மையம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் வர முடியாத இடங்களுக்கு, குறிப்பாக அகதி முகாம்களுக்கு, ஆசிரியர்களே போய்க் கற்பிப்பது அதன் வழக்கம். அந்தச் சுவரொட்டிச் சிறுவனின் கதையை ஊடகங்கள் விரும்பிச் சொல்கின்றன, கல்லைக் கீழே போட்டுவிட்டு வில்லை எடுத்தான் என்று. எனக்கு அந்தச் சொல்லாட்சி பிடிக்கவில்லை. கல் எறிந்த பிள்ளைக்கு மட்டுமே வாத்தியம் உரியது என்பது போலவும், வாத்தியம் கொடுத்தால் பிள்ளை அடங்கிவிடும் என்பது போலவும் அதில் ஒரு தொனி இருக்கிறது. யாரும் அடங்குவதற்காகப் பாட்டுக் கற்பதில்லை.

இதே காரணத்தால்தான் இந்த விஷயத்தில் மிகப் புகழ்பெற்ற பெயரையும் நாங்கள் கடந்து சென்றோம். எட்வர்ட் ஸயீதும் பியானோக் கலைஞரும் இசைக்குழு நடத்துநருமான டேனியல் பேரன்பாயிமும் சேர்ந்து 1999இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய வெஸ்ட் ஈஸ்டர்ன் திவான் இசைக்குழுவில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் பிற அரபு நாட்டினரும் பக்கம் பக்கமாக அமர்ந்து வாசிக்கிறார்கள். 2005இல் அவர்கள் ராமல்லாவிலேயே கச்சேரி செய்தார்கள். ஸயீத், பேரன்பாயிம் இருவரின் பெயரில் உள்ள அறநிறுவனம் ராமல்லாவில் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்துகிறது, பெர்லினில் 2016 முதல் ஓர் இசைக் கழகமும் இயங்குகிறது. குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாலஸ்தீனர்களிலேயே சிலர், நிலைமை கொஞ்சமும் மாறாதபோது சேர்ந்து வாசிப்பது மாறிவிட்டது போன்ற ஒரு தோற்றத்தைத் தந்துவிடுகிறது என்று அக்குழுவை ஏற்பதில்லை. நான் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. எங்கள் பணம் சிறிது. உலகப் புகழ் பெற்ற மேடைக்கு அது போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றே. மாலை நாலரை மணிக்கு ஒரு பிள்ளை வந்து கதவைத் தட்டும்போது உள்ளே ஆசிரியர் இருக்க வேண்டும் என்பதற்கே அது பயன்பட வேண்டும் என்று விரும்பினோம்.

கதவைத் தட்டும்போது ஆசிரியர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு 2020இல் தெரிந்தது. என் மாணவர்களில் ஆறு பேர் வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். சாதாரண நாட்களில் அந்த எல்லை எங்களுக்கு எல்லையே அல்ல. பால்காரரும் சந்தைக்காரரும் ஒரு நாளில் நான்கு முறை கடப்பார்கள், கைப்பேசியில் மட்டும் அடுத்த மாநிலத்தின் வரவேற்புச் செய்தி வந்து விழும். ஊரடங்கில் தடுப்புக் கட்டைகள் வந்தன, இ பாஸ் கேட்டார்கள். மரணம், மருத்துவம், திருமணம் என்றால் காரணம் எழுதலாம். செவ்வாய்க்கிழமை வர்ணப் பாடம் என்று காரணம் எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. காணொளியில் நடத்திப் பார்த்தேன். சுருதி ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் போயிற்று. பத்து மாதம் கழித்துப் பாதை திறந்தபோது அந்த ஆறு பேரில் திரும்பி வந்தவர்கள் இருவர். மற்ற நால்வரும் சங்கீதத்தை வெறுத்துவிடவில்லை. வயலினைப் பரண்மேல் வைத்தார்கள், அது அங்கேயே தங்கிவிட்டது. நோய்க்காகச் சில மாதம் மூடப்பட்ட ஒரு சாவடியையும் ஒரு மக்களின் வாழ்நாள் முழுவதும் நிற்கும் தடுப்புச்சுவரையும் நான் ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. வாரம் இருமுறை என்ற ஒழுங்கு அறுந்தால் இசைக்கல்வியில் என்ன ஆகும் என்பதை மட்டும் என் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன்.

மேற்குக் கரையில் இருக்கும் மாணவன் ஜெருசலேமில் நடக்கும் ஒத்திகைக்குப் போக இஸ்ரேலின் அனுமதிச் சீட்டு வேண்டும். கிடைத்தாலும் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். காஸாவிலிருந்து வெளியே வர அனுமதி கிடைப்பது, 2023க்கு முன்பே, மிக அரிது. ஒரே கல்லூரியின் மாணவர்களே ஒருவரை ஒருவர் நேரில் பார்த்துச் சேர்ந்து வாசிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்கு அத்தனை நகரங்களில் தனித்தனிக் கிளைகள் இருப்பதை முதலில் வளர்ச்சி என்று எண்ணினேன். பிள்ளைகள் பயணம் செய்ய முடியாத நாட்டில் பள்ளிதான் பயணம் செய்தாக வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

வாத்தியங்களின் பாடும் இதே போலத்தான். காஸாவில் ஒரு பெரிய கச்சேரிப் பியானோ இருந்தது; 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த யமஹா. அது நின்றிருந்த அரங்கு 2014ஆம் ஆண்டுப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. பியானோ உடையாமல் தப்பியது, ஆனால் வாசிக்கும் நிலையில் இல்லை. பழைய வாத்தியங்களைத் திரட்டிச் செப்பனிட்டு உலகின் பல இடங்களில் உள்ள இசைப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் மியூசிக் ஃபண்ட் என்ற பெல்ஜிய அமைப்பு, பிரான்ஸிலிருந்து கிளேர் பெர்த்ராண் என்ற பியானோத் தொழில்நுட்பரை 2015இல் காஸாவுக்கு அனுப்பியது. அவர் அங்கேயே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். அந்த அமைப்பு வாத்தியத்தோடு நிற்பதில்லை, உள்ளூர் ஆட்களுக்கு வாத்தியம் பழுதுபார்க்கும் தொழிலையும் கற்றுக்கொடுக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமை. பாலக்காட்டிலிருந்து நாங்கள் வரும் வழியில் உள்ள பெருவெம்பு, மத்தளமும் செண்டையும் மிருதங்கமும் செய்கிற ஊர். தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் குரலைச் சொல்லிவிடும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் வயலினின் குதிரை வளைந்துவிட்டாலோ உள்ளே நிற்கும் கட்டை விழுந்துவிட்டாலோ நான் கோயம்புத்தூருக்கோ திருச்சூருக்கோ போக வேண்டும். போகவாவது வழி இருக்கிறது எனக்கு. வெளியிலிருந்து தந்தி வர வேண்டும், வருவதற்கு ஒருவர் அனுமதிக்க வேண்டும் என்றால், மேல்தந்தி அறுந்த அன்று அந்தப் பிள்ளையின் பாடம் நின்றுவிடும். நான் மாணவர்களுக்கு வாங்கும் சாதாரணத் தந்தி ஒரு செட் அறுநூற்றைம்பது ரூபாய். வியர்வை அதிகம் உள்ள கைக்கு அது நான்கு மாதம் தாங்கினால் அதிகம்.

காஸாக் கிளையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் கத்தான் என்ற பாலஸ்தீன அறக்கட்டளையின் ஆதரவில் காஸா இசைப் பள்ளி என்ற பெயரில் அது தொடங்கியது. தொடங்கிய சில மாதங்களில், அந்த ஆண்டு இறுதியில் மூண்ட போரில், அதன் கட்டடம் அழிந்தது. வேறு இடத்தில் மீண்டும் தொடங்கி, 2012இல் எட்வர்ட் ஸயீத் கல்லூரியின் கிளையாயிற்று. 2023 அக்டோபருக்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. அந்த நவம்பரில் அக்கிளையில் வயலின் பயின்ற பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் குடும்பத்தோடு கொல்லப்பட்டாள். இதைப் படித்துவிட்டு அன்று மாலை வகுப்பு எடுக்க என்னால் முடியவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காரணத்தைப் பாயிடமும் சொல்லவில்லை. அவர் மகளுக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான்.

ஆசிரியர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் பிறகு எங்களைப் பணம் அனுப்பும் முடிவுக்குக் கொண்டுவந்தது. குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு மாறிக்கொண்டே, தாமும் பட்டினி கிடந்துகொண்டே, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடவும் வாசிக்கவும் கற்பித்தார்கள். கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு முகாம் முகாமாகப் போன ஆசிரியர் ஒருவரின் காணொளிகள் 2025இல் பரவலாகப் பகிரப்பட்டன. அவற்றில் ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காஸாவின் வானத்தில் இரவு பகலாகச் சுற்றும் ஆளில்லா விமானத்தை அங்குள்ள மக்கள் அதன் ஓசையை வைத்து ஸனானா என்பார்கள். இரைச்சலிடுவது என்று கொள்ளலாம். அந்த இரைச்சல் ஒரே ஸ்வரத்தில் இடைவிடாமல் வருகிறது. ஆசிரியர் அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை அதன்மேல் பாட வைக்கிறார். நாற்பது ஆண்டுகளாகத் தம்புராவைக் காதில் வாங்கியே பாடவும் வாசிக்கவும் பழகிய எனக்கு, சுருதி என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் வரக்கூடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தப் பிள்ளைகள் சுருதி சுத்தமாகப் பாடுகிறார்கள். ஒரு டீச்சராக அதை நான் முதலில் கவனித்தேன். கவனித்ததற்காக வெட்கமும் பட்டேன்.

இனி வங்கிக் கதை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து எட்டும் தொலைவில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கு நானும் பாயும் மூன்று முறை போனோம். இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அன்பளிப்பும் நன்கொடையும் அதற்குள் அடங்கும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, எல்.ஆர்.எஸ். என்பார்கள். ஏ2 என்ற படிவத்தை நிரப்பி, பான் எண் கொடுத்து, பணம் பெறுபவரின் வங்கி விவரமும் நோக்கக் குறியீடும் எழுத வேண்டும். முதல் முறை அங்கிருந்த அலுவலர், இதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேண்டும் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது வெளியிலிருந்து இங்கே வரும் நன்கொடைக்கான சட்டம், இங்கிருந்து போவதற்கு அல்ல என்று விளக்க இரண்டாவது முறை போனோம். அவர் விடுப்பில் இருந்தார். மூன்றாவது முறை அவர் எங்களை உட்கார வைத்து, மேலிடத்தில் கேட்டுவிட்டேன், நீங்கள் சொன்னது சரிதான் என்றார். மனிதர் நல்லவர். ஆனால் 'நோக்கம்' என்ற கட்டத்தில் "பாலஸ்தீன மாணவர்களின் இசைக்கல்வி" என்று பாய் தம் அழகான கையெழுத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து அரை நிமிடம் யோசித்தார்.

பிரிட்டனில் பதிவுபெற்ற அறக்கட்டளையை நாங்கள் தேர்ந்ததற்கு இதுவே காரணம். ராமல்லாவுக்கோ காஸாவுக்கோ நேராக அனுப்ப முயன்றால் நடுவில் எந்த வங்கி எப்போது நிறுத்தும் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வரவுசெலவை ஆண்டுதோறும் அங்குள்ள அறக்கட்டளை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அதை இணையத்தில் யாரும் பார்க்கலாம், நானும் பார்த்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு 80ஜி பிரிவின் கீழ் நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிச்சலுகை கிடையாது. பாய் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரைக் கலங்க வைத்தது வேறு. அனுப்பிய 15,000 ரூபாயில், இங்குள்ள வங்கியின் கட்டணமும் நடுவில் உள்ள வங்கியின் கட்டணமும் பரிமாற்ற வித்தியாசமுமாக ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிட்டது. கடைக்காரர் கணக்கில் அது ஒரு பட்டுப் பாவாடை. என் கணக்கில் இரண்டு செட் தந்தி, சில்லறை வேறு.

ரசீது மின்னஞ்சலில் வந்தது. அதை அச்சிட்டுக் கொடுத்தேன். கடைக் கணக்குப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார். மாதாமாதம் ஆயிரம் அனுப்ப முடியுமா டீச்சர் என்று அவர் கேட்டபோது, ஆயிரத்தையும் வங்கியே விழுங்கிவிடும் என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவது என்று முடிவு செய்தோம். அதற்கென்று வகுப்பு அறையில், வில்லுக்குப் பூசும் ரோசின் டப்பாக்கள் வைக்கும் அலமாரித் தட்டில், ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாரையும் கேட்பதில்லை, கேட்டவர்களுக்கு மட்டும் விளக்குகிறேன். இதுவரை நான்கு குடும்பங்கள் பெயர் எழுதியிருக்கின்றன. நான்காவது பெயர் அந்த மைத்துனருடையது. தொகை இருநூறு ரூபாய், எதிரே கையெழுத்து மட்டும், காரணம் எதுவும் எழுதவில்லை.

அடுத்த தவணை தை மாதத்தில். அதற்குள் அந்த வங்கி அலுவலர் மாற்றலாகிப் போய்விடாமல் இருக்க வேண்டும். ஏ2 படிவத்தை இன்னொருவருக்கு முதலிலிருந்து விளக்கும் பொறுமை எனக்கு இல்லை.